சாவு ஒன்றுக்கு மட்டும் விலக்கு

உளுந்தைப் போட்டாயிற்று. கிரைண்டர் கொஞ்சம் தயங்கிவிட்டு ஓட ஆரம்பித்தது. கல் உளுந்தின் மேல் ஏறி இறங்கும் இந்தக் கடகட சத்தம் கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடும், தணியும்வரை பக்கத்திலேயே நிற்கவேண்டும், ஓரத்தில் ஒட்டுவதைக் கையால் தள்ளிவிட்டுத் தண்ணீர் தெளிக்கவேண்டும். நாளைக்கு ஊருக்குப் போகிறவள் எவளும் இன்றைக்கு மாவு அரைக்கமாட்டாள். காலையில் உளுந்தும் அரிசியும் ஊறுவதைப் பார்த்துவிட்டு இவர் கேட்டதும் அதுதான். "அப்ப போகலையா?" என்றார். நான் மூடியை எடுத்துப் பாத்திரத்தை மூடினேன். பாத்திரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டார். இருபத்தெட்டு வருஷத்தில் இவர் கற்றுக்கொண்ட ஒரே நல்ல பழக்கம், ஒரு கேள்வியை இரண்டாம் தரம் கேட்பதில்லை. போகவில்லை. ஏற்காடு இல்லை, சேலம் ரயில் இல்லை, பெட்டியிலிருந்து எடுத்து வெயிலில் போட்ட ஸ்வெட்டரை மறுபடி பெட்டியில் வைத்தாயிற்று. ஆபீஸில் கெஞ்சி வாங்கிய மூன்று நாள் லீவு மட்டும் மிச்சம் இருக்கிறது, அதை வைத்து ஒட்டடை அடிக்கலாம். பத்தே கால் மணிக்கு கெஸ்ட் ஹவுஸுக்கு ஃபோன் போட்டேன். பத்து இருபதுக்கு வைத்துவிட்டேன். அந்த ஐந்து நிமிஷத்துக்குள் எங்கள் அக்காவைக் கொன்றுவிட்டேன். இப்போது மணி பத்தரை, பணம் இன்னும் வரவில்லை.

அந்த மனிதர் பேர் லூர்துசாமி. நேரில் பார்த்ததில்லை. ஏரியைத் தாண்டி மேலே, காப்பித் தோட்டத்துக்கு நடுவில், மூன்றே அறை வைத்து நடத்துகிறார், மனைவி சமைக்கிறாராம். அறை போட்ட அன்றைக்கே ஒரு காகிதத்தில் தன் கையால் விதிகளை எழுதிப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். சத்தம் கூடாது. குரங்குக்குத் தின்னக் கொடுக்கக்கூடாது. ஈரத்துண்டைக் கட்டிலில் போடக்கூடாது. கடைசி வரியில், வருவதற்கு இரண்டு நாள் முன்னால் சொன்னால் முழுப்பணமும் திரும்ப வரும், அதற்குப் பிறகு சொன்னால் எதுவும் வராது, வீட்டில் சாவு ஒன்றுக்கு மட்டும் விலக்கு. அன்றைக்கு வைத்தீஸ்வரன்கோயிலில் அக்கா வீட்டுக் கட்டிலில் இரண்டு பேரும் ஒரு ஃபோனுக்குள் தலையை விட்டுக்கொண்டு இதைப் படித்தோம். "பாருடி, கல்யாணம் காதுகுத்துக்குக்கூட விலக்கு இல்ல, செத்தாத்தான் உண்டாம்" என்று அக்கா சிரித்தாள். அவள் இடது மார்பில் கட்டி என்று தஞ்சாவூர் டாக்டர் சொல்லி அப்போது நான்கு நாள் ஆகியிருந்தது. ஆபரேஷனுக்கு நாளும் குறித்துக் கொடுத்துவிட்டார், இதோ இப்போது வருகிற வியாழக்கிழமை. அதற்குள் ஒரு தரம் மலையைப் பார்க்கணும்டி என்று கேட்டது அவள்தான். அத்தான் இருந்தவரை அந்த மனுஷன் திருநள்ளாறைத் தாண்டி எங்கேயும் கூட்டிப் போனதில்லை, மகன் ஓசூரில், அவன் கூப்பிடுவதெல்லாம் பேரனைப் பார்த்துக்கொள்ளத்தான். சரி, நான் கூட்டிப் போகிறேன் என்றேன். அப்படித்தான் ஆரம்பித்தது. தண்ணீர் தெளிக்கவேண்டும்.

தபால் ஆபீஸில் என் கவுண்டரில் பேசுகிற குரலில்தான் ஆரம்பித்தேன். சார், நாளைக்கு ரெண்டு பேர் வர்றதா இருந்தோம், வரமுடியல. "அப்படிங்களா, பரவால்லீங்கம்மா. ஆனா பணம் திரும்ப வராதுங்களே, எழுதி அனுப்பியிருந்தேனுங்களே, பாத்தீங்களா?" என்றார். பார்த்தேன் சார், கொஞ்சம் பார்த்துச் செய்யக்கூடாதா என்றேன். "அந்த ரூமுக்கு முந்தாநேத்துகூட ஒரு குடும்பம் கேட்டாங்கம்மா, உங்களுக்குன்னு சொல்லி அனுப்பிட்டேனுங்க." நியாயமான பேச்சு. ஐந்து நிமிஷம் பிந்தி வந்தவனிடம் நான் பேசுவதும் இதே பேச்சுதான், ரூல்னா ரூல், நாளைக்கு வாங்க. நியாயமாக இருந்ததால்தான் எனக்கு எரிச்சல் வந்தது. எரிச்சல் அவர் மேல் இல்லை. "வீட்ல ஒரு சாவு சார்" என்றேன். அந்தப் பக்கம் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, அது நின்றது. "ஐயோ, யாருங்கம்மா?" இங்கேதான். யாரை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். எங்கள் வகையறாவில் நிஜமாகவே செத்துப்போனவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அவர்களில் ஒரு சித்தப்பாவை இன்னொரு தரம் சாகவைத்திருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? வாயைத் திறந்தேன். "எங்க அக்கா இறந்துட்டாங்க." கூட வர்றதா இருந்தவங்களா என்றார். அவங்கதான் என்றேன். "ஆண்டவரே" என்றார், அதை ஒப்புக்குச் சொல்லவில்லை, மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு சொன்னார். "நீங்க பணத்தைப் பத்தி நினைக்காதீங்கம்மா. வந்த நம்பருக்கே முழுசா போட்டுவிட்டுடறேன். ஏதாச்சும் குடிச்சீங்களா? வெறும் வயித்தோட அழுதுட்டு இருக்காதீங்க." சரி சார் என்று வைத்துவிட்டேன். வைத்துவிட்டு என்ன செய்தேன்? வெறும் வயிற்றோடு இருக்கவேண்டாம் என்று ஒரு டம்ளர் மோர் குடித்தேன். குடித்துவிட்டு உளுந்தை வடிகட்டினேன்.

அவ்வளவு சுலபமாக எப்படி வந்தது என்பதுதான் எனக்குப் புரியவில்லை. இல்லை, புரிகிறது, புரிவதால்தான் இந்தக் கிரைண்டரைச் சுற்றிச் சுற்றி வருகிறேன். கவுண்டரில் வாரத்துக்கு இரண்டு பேராவது வருவார்கள், செத்துப்போனவர் கணக்கை முடித்துப் பணம் வாங்க. டெத் சர்டிபிகேட், ஜெராக்ஸ் ரெண்டு, வாரிசு ஆதார், எனக்கு மனப்பாடம். போன மாதம் ஒரு ஆள் வந்தார், மில் வேலைக்காரர் மாதிரி இருந்தார், பாஸ்புக்கை நீட்டி "இது எங்க வீட்டம்மாது" என்றார். அவங்களையே வரச்சொல்லுங்க என்றேன். "இல்ல, அவங்க" என்றார், நிறுத்தினார். மறுபடி "அவங்க வந்து" என்றார், நிறுத்தினார். பின்னால் வரிசை நிற்கிறது, நான் பேனாவால் மேஜையைத் தட்டுகிறேன். கடைசிவரை அந்த ஒரு வார்த்தை அவர் வாயில் வரவே இல்லை, சர்டிபிகேட்டை எடுத்து ஜன்னலுக்குள் தள்ளினார். அந்த ஆளுக்கு நடந்து முடிந்த ஒன்றைச் சொல்ல நாக்கு புரளவில்லை. எனக்கு நடக்காத ஒன்று தடங்கலே இல்லாமல் வந்தது. பழகிய வாய். பதினைந்து நாளாக ஆபீஸ் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து நான் இதைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு வருகிறேன். வேண்டுமென்று இல்லை. ஊர் தாண்டி வயல் வந்ததும் தானாக ஆரம்பிக்கும். ஓசூருக்கு யார் ஃபோன் பண்ணுவது, நான்தான் பண்ணவேண்டும், என்னவென்று சொல்வது, தம்பி, அம்மா போயிட்டாங்கப்பா என்பதா, பதறிப்போவானே, முதலில் அவன் பெண்டாட்டியைக் கூப்பிட்டுச் சொல்லலாமா. எந்தப் புடவையைக் கட்டி அனுப்புவது, அந்த அரக்குப் பட்டா, அது அவளுக்குப் பிடிக்காது. இப்படிப் போகும். ஸ்டாப்பிங் வந்ததும் சீ என்று உதறிவிட்டு இறங்குவேன். தலையை எண்ணெய் வைத்து வாரி, பொட்டு வைத்துக்கொண்டு, கூடப் பிறந்தவளுக்குத் தினமும் பஸ் டிக்கெட் எடுத்துச் சாவு ஒத்திகை பார்க்கிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். உளுந்து சத்தம் மாறிவிட்டது, இப்போது கொஞ்சம் தொபதொபவென்று கேட்கிறது, இன்னும் பத்து நிமிஷம் ஓடலாம்.

நேற்றுச் சாயங்காலம்கூட ஃபோனில் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தோம். ஸ்வெட்டர் எடுத்துக்கோ, மாத்திரை டப்பாவை மறக்காதே, ரயிலில் சாப்பிட நான் எலுமிச்சை சாதம் கட்டிவருகிறேன், நீ உருளைக்கிழங்கு வறு. எல்லாம் சரிசரி என்றாள். அப்புறம் நான் என் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "அங்க போய் நல்லதா ஒரு ஃபோட்டோ எடுத்துக்கலாம்கா" என்றேன். "எதுக்கு?" என்றாள். உருப்படியா உன் ஃபோட்டோ ஒண்ணுகூட இல்லையே என்றேன். "எதுக்குடி, மாலை போட்டு மாட்டவா?" என்றாள். அந்த நொடியில் நான் சொல்லியிருக்கவேண்டியது ஒன்றே ஒன்றுதான், அட போக்கா, பைத்தியம் மாதிரி பேசாதே என்று. சொல்லவில்லை. ஏனென்றால் போன வாரம் பஸ்ஸில் நான் நினைத்ததும் அதுதான், பேப்பருக்குக் கொடுக்க நல்ல படம் ஒன்று இல்லையே, இருக்கிறதெல்லாம் யாராவது கல்யாணத்தில் இலை முன்னால் வாயில் சோற்றோடு எடுத்தது என்று. அது அவளுக்கு எப்படித் தெரிந்தது? கூடப் பிறந்தவர்களோடு இதுதான் தொல்லை, உள்ளே நினைத்தால்கூடக் கேட்டுவிடுகிறது. நான் சும்மா இருந்ததைப் பார்த்துவிட்டு அவளே தொடர்ந்தாள். "கடைசியா ஒரு தடவை கூட்டிட்டுப் போனேன்னு நாலு பேர்கிட்ட சொல்லிக்கலாம்னு பாக்குற. நான் வரல. நீயே போய் மலையைப் பாத்துட்டு வா." எனக்கும் வந்துவிட்டது. வரலேன்னா போ, உனக்கு நல்லது செய்யவந்தேன் பாரு, என் புத்தியைச் செருப்பால அடிக்கணும் என்று கத்திவிட்டு வைத்துவிட்டேன். வைத்த பிறகும் காதில் வைத்திருந்தேன். ஒரு பயந்தவளைப் பார்த்து இன்னொரு பயந்தவள் கத்தினேன், அவ்வளவுதான். இதை நேற்றே இவ்வளவு தெளிவாக நினைத்திருந்தால் இன்றைக்கு இந்த உளுந்து ஊறியிருக்காது.

ஒரு சொட்டு மாவை எடுத்துத் தண்ணீரில் விட்டுப் பார்த்தேன், பாதி மிதந்து பாதி அமுங்கியது, இன்னும் ஆகவில்லை. சொல்லக்கூடாது, வாயால் சொன்னால் பலித்துவிடும் என்பார்கள். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. இல்லை என்று இரண்டாம் தரமும் சொல்லிக்கொள்கிறேன் பாருங்கள், அதிலிருந்தே தெரியவேண்டாமா. எங்கள் அம்மாவுக்கு இருந்தது. எனக்கு ஆறு வயசு, அக்காவுக்குப் பதினொன்று. மாயவரத்து வீட்டு மொட்டை மாடியில் வற்றலுக்குக் காவல் உட்கார்ந்திருந்தவள் தலையில் காக்கா ஒன்று வந்து அடித்துவிட்டுப் போனது. காக்கா தலையில் அடித்தால் ஆயுசுக்கு ஆகாது. எதிர்வீட்டு அம்மாள் ஓடிவந்து பரிகாரம் சொன்னாள், அது ஊரெல்லாம் தெரிந்த பரிகாரம்தான். அந்தப் பிள்ளை செத்துவிட்டதாக ரத்த சம்பந்தம் உள்ளவர்களுக்குச் சேதி அனுப்பவேண்டும், அவர்கள் நிஜமென்று நம்பி அழவேண்டும், அழுத பிறகு பொய்யென்று சொல்லிவிடவேண்டும், அத்தோடு கண்டம் கழிந்துவிடும். அப்பா முணுமுணுத்துக்கொண்டே போய்க் கும்பகோணத்து அத்தைக்குத் தந்தி கொடுத்தார், தையல் காலமானாள் உடனே வரவும். பகல் பஸ்ஸில் அத்தை வந்து இறங்கினாள். தெருமுனையிலிருந்தே மாரில் அடித்துக்கொண்டு, தலை அவிழ்ந்து, "என் தங்கமே, என் குலக்கொடியே" என்று அலறிக்கொண்டு வந்தாள். செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட அக்கா கூடத்து நாற்காலியில் ரிப்பன் கட்டிக்கொண்டு உட்கார்ந்து அப்பளம் தின்றுகொண்டிருந்தாள். விஷயம் எனக்கு முன்னாலேயே தெரியும், வாயைத் திறந்தால் சூடுதான் என்று அம்மா மிரட்டிவைத்திருந்தாள். அத்தை வாசல்படி ஏறினாள், அக்காவைப் பார்த்தாள், அப்படியே நின்றாள். வீடே மூச்சுப் பிடித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் நான் கெக்கெக்கென்று சிரித்துவிட்டேன். அப்புறம் அத்தை அம்மா முதுகில் நாலு வைத்தாள், அக்காவைக் கட்டிக்கொண்டு மறுபடி அழுதாள், அப்பா கற்கண்டு கொடுத்தார், எல்லாம் நடந்தது. ஆனால் அக்கா பிடித்துக்கொண்டது என் சிரிப்பைத்தான். நாற்பத்தாறு வருஷமாக எந்தக் கல்யாணம், எந்த வளைகாப்பு என்றாலும் பந்தியில் ஒரு தரம் சொல்லிவிடுவாள், "நான் செத்தப்ப எல்லாரும் அழுதாங்க, இவ ஒருத்திதான் சிரிச்சா" என்று. எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். நான் ஏன் சிரித்தேன் என்று யாரும் கேட்டதில்லை. அத்தை அப்படி அலறிக்கொண்டு வந்தபோது ஒரு நிமிஷம் எனக்கு நிஜமாகிவிட்டது. திரும்பி நாற்காலியைப் பார்த்தேன், அக்கா வாயில் அப்பளத்தோடு அசையாமல் இருந்தாள், பயத்தில் அழுகை வரவேண்டிய இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு எப்போதும் அப்படித்தான். அன்றைக்குச் சிரித்தேன், நேற்றுக் கத்தினேன், இன்றைக்குப் பொய் சொன்னேன், உள்ளே இருக்கிற சரக்கு ஒன்றுதான்.

அந்தப் பரிகாரத்தில் ஒரு ஒழுங்கு இருந்தது. பொய் சொல்வது, ஒருத்தர் அழுவது, பிறகு பொய்யென்று சொல்வது. மூன்றும் சேர்ந்தால்தான் கழியும். நான் முதலாவதை மட்டும் செய்துவிட்டு மோர் குடித்திருக்கிறேன். அழுதது யார்? யாரும் இல்லை. ஏற்காட்டில் முகம் தெரியாத ஒருவர் ஆண்டவரே என்றார், அதைச் சேர்த்துக்கொள்ளலாமா? என்ன யோசனை இது, பெரிய படிப்பெல்லாம் படித்து, பரீட்சை எழுதி வேலை வாங்கி, ஐம்பத்திரண்டு வயசில் கிரைண்டர் முன்னால் நின்றுகொண்டு. ஃபோனை எடுத்துப் பார்த்தேன். மாவுக்கை பட்டுத் திரை கோடுகோடாக ஆனது. பணம் வந்ததாகச் சேதி ஒன்றும் இல்லை. மணி பத்தேமுக்கால். வந்த நம்பருக்கே போட்டுவிட்டுடறேன் என்றாரே. வந்த நம்பர். எந்த நம்பரிலிருந்து போனது? அன்றைக்கு அக்கா வீட்டுக் கட்டிலில், என் ஃபோனில் பணம் அனுப்பப் பார்த்தேன், சுற்றிக்கொண்டே இருந்தது, போகவில்லை. "இங்க கொடுடி, நான் அனுப்பறேன்" என்று அக்கா அவள் ஃபோனில் அனுப்பினாள். பேரன் சொல்லிக்கொடுத்திருக்கிறான், பெருமையாக ஒவ்வொரு விரலாக வைத்து அனுப்பினாள். நான் பையிலிருந்து நோட்டாக எடுத்து அவள் தலையணைக்கடியில் வைத்தேன். பணம் என்னுடையது, போன நம்பர் அவளுடையது. கிரைண்டர் ஓடிக்கொண்டே இருந்தது. லூர்துசாமிக்குப் போட்டேன், தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்றது, மலை. மறுபடி போட்டேன், மறுபடியும் அதே. சரி, வெறும் பணம்தானே வரும், ரத்து செய்தேன் வந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம், அவளுக்கென்ன தெரியப்போகிறது, அந்த விதியை அவளும் படித்தாள், படித்துச் சிரித்தாள், முதல் நாள் சொன்னால் எதுவும் வராது, சாவு ஒன்றுக்கு மட்டும். அவளுக்கு எல்லாம் தெரியும். ஃபோன் கையிலேயே அடித்தது. அக்கா.

"அபி" என்றாள்.

"சொல்லுக்கா."

"பணம் வந்திருக்குடி. முழுசா."

வாசலில் கீரைக்காரி கூவிக்கொண்டு போனாள், அவள் போகும்வரை இரண்டு பேரும் காத்திருந்தோம்.

"கூடவே ஒரு மெசேஜும் அனுப்பியிருக்கார் அந்த மனுஷன். படிக்கறேன் கேளு. 'தங்கள் குடும்பத்தாருக்கு எங்கள் ஆழ்ந்த அனுதாபம். தையல்நாயகி அம்மையாரின் ஆன்மா இறைவனில் இளைப்பாறட்டும்.' எம் பேரைத் தப்பில்லாம எழுதியிருக்கார். ஆதார் அனுப்பினோம்ல, அதைப் பாத்து எழுதியிருக்கார்."

"அக்கா, நான் வந்து..."

"எப்ப செத்தேன்?"

"நேத்து."

"என்னன்னு சொன்ன?"

"அவர் கேக்கல."

"கேட்டிருந்தா?"

கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அக்கா மூச்சு விடுவது கேட்டது. திட்டப்போகிறாள், திட்டட்டும், என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், இனிமேல் என் முகத்தில் முழிக்காதே என்று சொன்னால்கூட இப்போதே பஸ் ஏறிப் போய் அவள் வாசலில் உட்கார்ந்துவிடுவேன் என்று நினைத்துக்கொண்டேன்.

"அழுதியாடி?" என்றாள்.

எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை என்று நினைத்தேன், ஆனால் விழுந்திருந்தது.

"கேக்கறேன்ல. போன தடவை செத்தப்ப சிரிச்ச. இந்தத் தடவையாவது அழுதியா?"

இல்லைக்கா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இல்லை என்பதில் பாதி வந்தது, மீதி வரவில்லை, வேறு என்னவோ வந்தது. அடிவயிற்றிலிருந்து, அசிங்கமாக, மாட்டுக்கொட்டகையில் கேட்கிற மாதிரி ஒரு சத்தம். அது நான்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

"கிரைண்டரா ஓடுது?" என்றாள் அக்கா. "அதை நிறுத்து. நிறுத்திட்டு அழு. எனக்குக் கேக்கணும்."

நிறுத்தினேன். வீடு சட்டென்று அமைதியாகிவிட்டது. சமையல்கட்டில் தரையில் உட்கார்ந்து, ஃபோனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மாவும் கண்ணீரும் மூக்குமாக அழுதேன். அத்தை தெருமுனையிலிருந்து அழுதுகொண்டு வந்தாளே, அந்த அளவுக்கு வராது, ஆனால் நிஜமாக அழுதேன். பயமா இருக்குக்கா, பயமா இருக்கு என்றேன். பஸ்ஸில் நினைப்பதைச் சொன்னேன், ஃபோட்டோவைச் சொன்னேன், அரக்குப் பட்டைக்கூடச் சொல்லிவிட்டேன். அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்த அரக்குப் பட்டைக் கட்டினே, எழுந்து வந்து அடிப்பேன்" என்றாள். அப்புறம் குரல் கொஞ்சம் இறங்கியது. "எனக்கு மட்டும் பயம் இல்லையாடி? இங்க நான் ஒருத்தியா கெடக்கறேன். யாராவது ஒருத்தர் உக்காந்து அழ மாட்டாங்களான்னு இருக்கு. வர்றவங்க எல்லாரும் ஒண்ணும் ஆகாது ஒண்ணும் ஆகாதுன்னு ஆரஞ்சுப் பழத்தை வெச்சுட்டுப் போயிடறாங்க. நேத்து மாலை போடவான்னு கேட்டேன். நீயாவது அழுவேன்னு பாத்தேன், கத்திட்டு வெச்சுட்ட."

அவளும் அழுதாள். எங்கள் அக்கா அழுது நான் கேட்டது அத்தான் போனபோது ஒரு தரம், இது ஒரு தரம். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. யார் முதலில் மூக்கைச் சிந்தினோம் என்றும் தெரியவில்லை.

"சரி, போதும்" என்றாள் கடைசியில். "அழுதாச்சு. இனி அந்த மனுஷனைக் கூப்பிட்டுப் பொய்யின்னு சொல்லு. சொன்னாத்தான் கழியும். பணத்தை நான் அவருக்கே திருப்பி அனுப்பறேன். உங்கிட்ட தரமாட்டேன், அது என் சாவுக்கு வந்த காசு."

"நாளைக்கு?"

"உருளைக்கிழங்கு இன்னும் வறுக்கல. ரயில் எத்தனை மணிக்குன்னு மட்டும் சரியா சொல்லு. நேத்து ரெண்டு விதமா சொன்ன."

வைத்துவிட்டாள். எழுந்து முகத்தைக் கழுவினேன். உளுந்து சூடேறியிருந்தது, நிறுத்தியதும் நல்லதுதான், கையால் தொட்டால் பஞ்சு மாதிரி வந்தது. அரிசியையும் அரைத்துவைத்துவிட்டால் மூன்று நாளைக்கு இவர் தோசை வார்த்துக்கொள்வார், கருக்கித்தான் வார்ப்பார், தின்னட்டும். ஃபோனைப் புடவையில் துடைத்துக்கொண்டு நின்றேன். கவுண்டருக்கு வெளியே, இந்தப் பக்கம் நிற்பது எப்படி இருக்கும் என்று இருபத்தைந்து வருஷத்தில் எனக்குத் தெரிந்ததில்லை. அந்த மில் வேலைக்காரர் முன்னால் மேஜையைப் பேனாவால் தட்டாமல் இருந்திருக்கலாம். மூன்றாம் தரம் போட்டபோது மணி போனது.

"சொல்லுங்கம்மா" என்றார் லூர்துசாமி, மிகவும் மெதுவாக, துக்க வீட்டில் பேசுகிற குரலில். "பணம் வந்துச்சுங்களா?"

"சார், எங்க அக்கா இருக்காங்க."

அவருக்குப் புரியவில்லை. எப்படிப் புரியும்? எனக்கு அதை இன்னொரு தரம் சொல்லவேண்டும்போல இருந்தது, சொன்னேன். "இருக்காங்க சார். நான் பொய் சொல்லிட்டேன். பணத்துக்காகச் சொல்லிட்டேன்."

வைத்துவிட்டாரோ என்று பார்த்தேன், வைக்கவில்லை.

"எங்க வீட்ல அவங்களுக்காக மெழுகுவத்தி ஏத்திட்டாங்கம்மா" என்றார்.

"தப்புதான் சார்."

ஃபோனைப் பொத்திக்கொண்டு யாரிடமோ ஏதோ சொன்னார், ஒரு பெண் குரல் என்ன என்ன என்று கேட்டது, பிறகு அந்தக் குரல் "எரியட்டும், அணைக்க வேணாம்" என்றது தெளிவாக விழுந்தது. லூர்துசாமி தொண்டையைச் செருமிக்கொண்டார். பேச்சு இப்போது பழைய கறாருக்குத் திரும்பியிருந்தது.

"நாளைக்கு எத்தனை பேருங்கம்மா?"

"ரெண்டு பேர்" என்றேன்.